ரங்கூன் மல்லியா, முல்லையா, மனோரஞ்சிதமா? வேலூர் வெயிலில் வாசலுக்கு ஒரு மணக்கும் கொடி

ஆடி பிறந்து சாயங்காலத்தில் இரண்டு மழை விழுந்துவிட்டால் வேலூர் நர்சரிகளில் கூட்டம் சேர்ந்துவிடும். புது வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: கேட்டுக்கு மேலே வளைந்து ஏறி, பொழுது சாய்ந்ததும் மணக்கிற மாதிரி ஏதாவது கொடி இருக்கிறதா? நர்சரிக்காரர் நான்கைந்து கவர் செடிகளை எடுத்து வைப்பார். அந்த நேரத்தில் எல்லாமே ஒன்றரை அடி உயரத்தில், பச்சைப் பசேலென்று, ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மூன்று வருடம் போனால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்று கேட்டையே மூடிக்கொண்டிருக்கும், ஒன்று மே மாதத்தில் காய்ந்து போயிருக்கும், இன்னொன்று அப்போதுதான் முதல் மொட்டு விட்டிருக்கும்.

இந்த முறை என் அத்தை வீட்டுக்காக இதை உட்கார்ந்து யோசிக்க வேண்டி வந்தது. சத்துவாச்சாரியில் மேற்குப் பார்த்த வாசல். கேட்டுக்கும் படிக்கும் நடுவே கொஞ்சம் மண் தரை. போர்வெல் தண்ணீர். வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறவர்கள், அத்தை மட்டும் பகலில் இருப்பார். ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான் என்பதால், அங்கே போட்ட கணக்கு மற்றவர்களுக்கும் உதவும்.

நான் ஒப்பிடப்போவது நான்கு கொடிகளை: ரங்கூன் மல்லி, முல்லை, ஜாதிமல்லி, மனோரஞ்சிதம். நான்குமே நன்றாக மணக்கும், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் வேலூரில் மணத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. தண்ணீரையும் மே மாதத்தையும் தாண்டி எது நிற்கும், நின்றால் அதைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், இவை இரண்டும்தான் கேள்வி.

முதலில் வெயில். ஏப்ரல் கடைசியிலிருந்தே 40 டிகிரி செல்சியஸ் என்பது இங்கே சாதாரணம். அக்னி நட்சத்திரத்தில் 43ஐத் தொடும் நாட்களும் உண்டு. சுற்றிலும் பாறை மலைகள். பகலெல்லாம் சூடேறிய பாறையும் கான்கிரீட்டும் இரவு வெகு நேரம் வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும். மேற்குச் சுவரை இரவு எட்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் இன்னும் சுடும். கொடியின் தண்டு அந்தச் சுவரில் ஒட்டிக் கிடந்தால் இலை ஓரம் கருகும். அதனால் எந்தக் கொடியாக இருந்தாலும் சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி நட்டு, சுவருக்கும் கொடிக்கும் நடுவே காற்று போக வழி விட வேண்டும்.

அடுத்தது தண்ணீர், என்னைக் கேட்டால் வெயிலைவிடப் பெரிய விஷயம். மழை குறைந்த ஊர் இல்லை இது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆடிக்கும் கார்த்திகைக்கும் நடுவே கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி நாளெல்லாம் போர்தான். பாலாற்றுப் படுகை நெடுக, முக்கியமாக ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம், நிலத்தடி நீரில் உப்பு ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். தோல் தொழிற்சாலைக் கழிவு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் தீர்ப்பு வந்தது. தொழிற்சாலை பக்கத்தில் இல்லாத தெருக்களிலும் கடினத் தண்ணீர்தான். பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, ஹீட்டர் காயில் அடிக்கடி போகிறதா என்று பார்த்தாலே போதும். அப்படியென்றால் அந்தத் தண்ணீரில் மல்லிகைக் குடும்பம் சுகமாக இருக்காது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் நேராகச் செடிக்குக் குழாய் விட்டிருப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. முல்லைக்கு அதை ஊற்றினால் இலை நுனி பழுப்பாகிக் கருகும், மண் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, உப்பே கிடையாது. மே மாத இரவில் ஒரு பக்கெட்டுக்குக் குறையாமல் பிடிக்கலாம். தொட்டியில் வளரும் கொடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் நம் ஊரில் மழையைத் தவிர வேறில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாட்களில் கொஞ்சம் பிடித்து வைத்து ஊற்றலாம், ஆனால் குடிக்கிற தண்ணீரைக் கொடிக்கு ஊற்ற அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

சரி, கொடிகளுக்கு வருவோம்.

ரங்கூன் மல்லியை ஆன்லைனில் மதுமாலதி என்று விற்பார்கள், இரண்டும் ஒன்றேதான். பெயரில் மல்லி இருந்தாலும் மல்லிகைக்கு உறவில்லை. மருத மரமும், நம் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலில் ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாக இறங்கிய கடுக்காயும் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக் கடினம் இதற்கும் உண்டு. முதல் வருடம் மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டு வேர் பிடிக்க வைத்துவிட்டால், பிறகு கோடையில் வாரம் ஒருமுறை நன்றாக நனைத்தாலே தாக்குப்பிடிக்கும். கொஞ்சம் உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். மேற்கு வெயில் அதற்குத் தண்டனையே இல்லை. வெயில் குறைந்த இடத்தில் வைத்தால் இலையாக வளருமே தவிர பூ குறைந்துவிடும்.

பூவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் விரல் நீளத்துக்கு மெல்லிய குழல், அதன் நுனியில் ஐந்து இதழ். பொழுது சாயும் நேரத்தில் வெள்ளையாக விரியும். மணம் அந்த நேரத்தில்தான் முழுசாக இருக்கும். நீள உறிஞ்சுகுழல் உள்ள பெரிய அந்துப்பூச்சிகளை இருட்டில் இழுப்பதற்கான ஏற்பாடு அது. மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பாகித் தலை தொங்கும், மூன்றாம் நாள் சிவந்துவிடும். பகலில் தேனீயும் பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் வரும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்குவது இதனால்தான். கேட்டுக்கு மேலே இப்படிக் கொத்துக் கொத்தாக வழிந்தால் தெருவில் போகிறவர் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். சாயங்காலம் ஏழெட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு ஏற்ற கொடி. சிஎம்சி மருத்துவமனையில் இரவுப் பணிக்குப் போகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் நஷ்டம், அவர்கள் வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் மணம் பாதிகூட இருக்காது.

இதன் தொல்லை அதன் பலத்தில்தான் இருக்கிறது. இருபதடி, அதற்கு மேலும் ஏறும். பிளாஸ்டிக் வலை, கயிறு, சவுக்குக் கட்டை எதுவும் நாள்பட இதன் கனத்தைத் தாங்காது. ஜிஐ பைப்பில் வளைவு அடித்து, காலைக் கான்கிரீட்டில் நிறுத்த வேண்டும். செடியைவிடப் பந்தலுக்குத்தான் காசு ஆகும், அதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மே, ஜூனில் இடி மழைக்கு முன்னால் அடிக்கும் சூறைக்காற்றில் இலை நிறைந்த கொடி பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும், பலவீனமான வளைவு அப்படியே சாய்ந்துவிடும். மின் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் கேட்டுக்கு மேலே போகிறதென்றால் இந்தக் கொடியை அங்கே வைக்கவே வேண்டாம். வேரிலிருந்து பக்கக் கன்றுகளும் கிளம்பும். பக்கத்து வீட்டுப் பூச்செடிக்குள் ஒன்று எட்டிப் பார்த்த பிறகு அவர்களோடு பேச்சு வார்த்தை நடத்துவதைவிட, மாதம் ஒருமுறை சுற்றிப் பார்த்துப் பிடுங்கிவிடுவது சுலபம்.

வெட்டும்போது கையுறை வேண்டும். இலை உதிர்ந்தாலும் அதன் காம்பின் அடிப்பகுதி தண்டிலேயே தங்கி, காய்ந்து, வளைந்த முள்ளாகிவிடும். கொடி மேலே ஏறுவதே அதை மாட்டித்தான். பச்சைத் தண்டில் இது தெரியாது, முற்றிய தண்டை வெறுங்கையால் இழுத்தால் தெரியும். பூ புதுத் தளிரில்தான் வரும் என்பதால் மார்கழி, தை வாக்கில் தயங்காமல் வெட்டிவிடலாம். பங்குனியில் தளிர்த்து, சித்திரை வெயிலிலேயே பூக்கத் தொடங்கும். விதை இங்கே அபூர்வமாகத்தான் பிடிக்கும். பிடித்தால் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் அதைக் குடல் புழுவுக்கு மருந்தாகக் கொடுப்பது உண்மை. அளவு மீறினால் வாந்தியும் விக்கலும் வரும் என்பதும் உண்மை.

இவ்வளவையும் அத்தையிடம் சொன்னபோது ஒரே கேள்வியில் முடித்தார்: “தலையில வைக்க முடியாத பூவுக்கு எதுக்குப்பா இத்தனை பாடு?”

நியாயமான கேள்வி. ரங்கூன் மல்லியின் நீளக் காம்புகளைச் சடை மாதிரி பின்னி விளையாடலாம், சாமி படத்துக்குக் கொத்தாகச் செருகலாம், அவ்வளவுதான். சரமாகத் தொடுத்து வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முல்லைக்கோ ஜாதிமல்லிக்கோதான் போக வேண்டும். நேதாஜி மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் ஒரு முழம் என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்தவருக்கு அந்த ஆசை வருவதில் ஆச்சரியமில்லை.

இந்த இரண்டையும் நர்சரியில் பூ இல்லாத காலத்திலும் பிரித்துப் பார்க்கலாம், இலை போதும். முல்லையில் ஒரு பெரிய இலை இருக்கும், அதன் அடியில் இரண்டு பக்கமும் காது மாதிரி துளித்துளியாக இரண்டு சின்ன இலைகள் ஒட்டியிருக்கும். ஜாதிமல்லியில் ஒரே காம்பில் ஏழு, ஒன்பது என்று சின்னச் சின்ன இலைகள் எதிரெதிராக வரிசையாக நிற்கும். ஜாதிமல்லி மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்புக் கீற்று ஓடும். தெற்கே பிச்சி என்று கேட்டால் கொடுப்பது இதைத்தான். கவரில் எழுதியிருப்பதைவிட இலையை நம்புங்கள்.

மணத்தில் எனக்கு ஜாதிமல்லிதான் மேல். இதைச் சொன்னால் முல்லைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஆனால் வேலூரில் வளர்ப்பதென்றால் முல்லை சுலபம். ஜாதிமல்லி தண்ணீருக்கு அதிகம் ஏங்கும், உப்புக்குச் சுணங்கும். ஆனி, ஆடியில் பூக்கத் தொடங்கிக் கார்த்திகை வரை போகும் பூ அது, நம் மழைக்காலமும் அதே நேரம்தான். அந்த ஈரத்தில் துரு நோய் வந்து இலையும் தண்டும் ஆரஞ்சுப் பொட்டுகளாகத் தடித்துக் கோணலாகிவிடும். அந்தக் கிளைகளை வெட்டி அப்புறப்படுத்துவதே வேலையாகிவிடும். முல்லை சித்திரை, வைகாசியில் பூக்கத் தொடங்கி மழை வலுக்கும் வரை ஓடும். வெயிலைப் பார்த்துப் பயப்படாது, வேருக்கு மட்டும் ஈரம் இருக்க வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் பாரிமுல்லை, கோ 1, கோ 2 ஆகியவை தெரிந்த பெயர்கள். நல்ல நர்சரியில் ரகம் கேட்டு வாங்கலாம். அணைக்கட்டு, ஊசூர் பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கும் உறவுக்காரர் யாராவது இருந்தால் ஒரு பதியன், அதாவது கிளையை மண்ணில் பதித்து வேர் விட வைத்த கன்று, கேளுங்கள். நம் மண்ணிலும் நம் தண்ணீரிலும் பழகிய செடி எப்போதும் ஒரு படி மேல்.

முல்லைக்கு வேண்டியவற்றைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தினம் ஆறு மணி நேர வெயில் வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சந்தில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று குறைப்படக் கூடாது. ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, பத்து கிலோ நன்கு மக்கிய தொழு உரம் கலந்து நட வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. ஏரிக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட மனைகளில் இது முக்கியம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன அந்த மழையில், தாழ்வான தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. அந்த மாதிரி இடத்தில் மல்லிகை வேர் அழுகிப்போகும், அதனால் மேடு கட்டி நடுங்கள்.

தை மாத நடுவில், அதாவது ஜனவரி முடியும் நேரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும் என்பது தோட்டக்காரர்கள் முறை. வீட்டு வாசலில் பந்தல் ஏறிய கொடியை அப்படிக் கட்டையாக்க மனசு வராது. பரவாயில்லை, முதன்மைத் தண்டை விட்டுவிட்டு, பந்தல் மேல் பரவிய பக்கக் கிளைகளை ஒரு சாண் விட்டு வெட்டினாலும் புதுத் தளிர் வரும். வெட்டுவதற்குச் சில வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, வெட்டிய பிறகு உரமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தால் ஒரே நேரத்தில் தளிர்த்துப் பூக்கும். வெட்டாமல் விட்ட முல்லை மேலே புதராகி, பூ மட்டும் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

நோய்களில் நம் ஊரில் நிச்சயம் சந்திக்கப்போவது மூன்று. இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, காரத் தன்மையும் சுண்ணாம்பும் அதை வேருக்கு எட்டவிடாமல் பிடித்து வைத்திருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை, அதாவது பெரஸ் சல்பேட்டை, லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து இலையில் தெளித்தால் திரும்பப் பச்சை பிடிக்கும். இரண்டாவது செஞ்சிலந்தி. மே மாதத்தில் இலை தூசி படிந்த மாதிரி மங்கும், புரட்டினால் அடியில் மெல்லிய வலை இருக்கும். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதே பாதி மருந்து. நனையும் கந்தகம் தெளிக்கச் சொல்வார்கள், அது கேட்கும்தான், ஆனால் 40 டிகிரி வெயிலில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். தெளித்தே ஆக வேண்டுமென்றால் வெயில் தணிந்த நாளாகப் பார்த்து, பொழுது சாய்ந்த பிறகு. மூன்றாவது மொட்டு ஈ. மொட்டின் அடி பருத்து, நிறம் ஊதாவாகி, விரியாமலே காயும். அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிட்டு, செடிக்கு அடியில் மண்ணைக் கொத்திவிட வேண்டும், ஏனென்றால் அதன் கூட்டுப்புழு மண்ணில்தான் கிடக்கும். தலையில் வைக்கிற பூ என்பதால் பூக்கிற காலத்தில் கடுமையான மருந்து எதுவும் வீட்டுச் செடிக்கு வேண்டாம். சந்தேகம் என்றால் இலையையும் கொஞ்சம் மண்ணையும் எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போய் வரலாம்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று உண்டு, பறிக்க ஆள். முல்லை மொட்டை விரிவதற்கு முன் பறித்தால்தான் தொடுக்க முடியும். சித்திரை, வைகாசியில் தினமும் இது வேலை. பறிக்காவிட்டால் செடிக்கு ஒன்றும் ஆகாது, இரவெல்லாம் மணத்துவிட்டுக் காலையில் உதிர்ந்து கிடக்கும், பெருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் முல்லை வைப்பது பெருக்குவதற்கு ஒரு கொடி வைப்பது போலாகிவிடும். அத்தை விஷயத்தில் இந்தக் கவலை இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பூப் பறித்து, பக்கத்து வீட்டு அக்காவோடு திண்ணையில் உட்கார்ந்து தொடுப்பது அவருக்கு வேலையே இல்லை, பொழுதுபோக்கு.

மனோரஞ்சிதம் தனி ரகம். சீத்தாப்பழக் குடும்பம். பூ முதலில் இலை நிறத்திலேயே இருக்கும், இருப்பதே தெரியாது. மஞ்சளாகத் திரும்பும்போதுதான் பழுத்த பழ வாசனை கிளம்பும். ஒற்றைப் பூவை மேஜையில் வைத்தால் அறை முழுக்க மணக்கும். நினைத்த பழத்தின் மணம் வரும் என்பார்கள். எனக்கு எப்போதும் பழுத்த வாழைப்பழமும் அன்னாசியும் கலந்த மாதிரிதான் வருகிறது. பூக்காம்பே கொக்கி மாதிரி வளைந்து எதையாவது பிடித்துக்கொள்ளும், அதில்தான் ஏறும். பாதிக் கொடி, பாதிப் புதர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடுகளில் இது கிணற்றடியிலோ தொட்டித் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்திலோ இருக்கும். அதுதான் அதற்குப் பிடித்த இடம். பாதி நிழல், எப்போதும் ஈரம், ஆழமான மண். மேற்கு வாசலில் கான்கிரீட் நடுவே வைத்தால் முதல் கோடையிலேயே இலை கருகும். வளர்ச்சியும் மெதுவாக இருக்கும், பூ பார்க்கச் சில வருடம் பொறுக்க வேண்டும். விதையில் முளைத்த கன்றைவிடப் பதியன் கன்று சீக்கிரம் பூக்கும், விலை கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள். வெட்டும்போது ரங்கூன் மல்லி மாதிரி மொட்டையடிக்கக் கூடாது. காய்ந்ததையும் குறுக்கே போனதையும் எடுத்தால் போதும்.

பாம்பு வரும் என்ற பயம் இந்தக் கொடியைப் பல வீடுகளுக்குள் வரவிடாமல் செய்திருக்கிறது. வாசனைக்குப் பாம்பு வருவதில்லை. அடியில் அடர்ந்து, சருகு சேர்ந்து கிடந்தால் எலி, தவளை தங்கும், அவற்றைத் தேடித்தான் பாம்பு வரும். அது ரங்கூன் மல்லிக்கும் பொருந்தும், அடுக்கி வைத்த செங்கலுக்கும் பொருந்தும். தரையிலிருந்து இரண்டடி வரை கிளை இல்லாமல் வெட்டி, சருகைக் கூட்டிவிட்டால் போதும். ஆனாலும் வீட்டில் பெரியவர்கள் கூடாது என்றால் விட்டுவிடுங்கள், தினம் பயந்துகொண்டே நடக்க ஒரு கொடி எதற்கு?

மற்ற சிலவற்றை ஓரிரு வரியில் சொல்லிவிடலாம். நித்தியமல்லி வருடம் முழுக்கப் பூக்கும், தொட்டியிலும் வரும், மணம் மெலிதுதான். வாடகை வீட்டுக்காரர்களுக்கு அதையே சொல்வேன், வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். கொடிச்சம்பங்கி பச்சை மஞ்சள் கொத்தாக இரவில் அருமையாக மணக்கும். குளிர்காலத்தில் இலை கொட்டிவிட்டு நிற்கும், செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். குருக்கத்தி, அதாவது மாதவிக்கொடி, காட்டில் மரத்தையே மூடும் பெருங்கொடி, மனை வீட்டுக்கு ஆகாது. பூண்டுக்கொடியின் ஊதாப் பூ கண்ணுக்கு அழகு, இலையைக் கசக்கினால் பூண்டு வாடை. மணம் வேண்டும் என்று கேட்டு வந்தவருக்கு அதை யாராவது கொடுத்தால் கடையை மாற்றுங்கள்.

இப்போது முடிவு. மேற்கு வாசல், கடினத் தண்ணீர், பகலில் ஆள் இல்லாத வீடு என்றால் ரங்கூன் மல்லியைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். அதற்கும் இரண்டு நிபந்தனை: மேலே ஒயர் போகக் கூடாது, வருடத்துக்கு இரண்டு முறையாவது வெட்ட ஆள் வேண்டும். வீட்டில் பகலில் ஒருவர் இருந்து, கிழக்கிலோ தெற்கிலோ வெயில் விழும் இடமும் கொஞ்சம் நல்ல தண்ணீரும் இருந்தால் முல்லை. காட்பாடி, பாகாயம் பக்கம் பழைய தோட்ட வீடு, மா மரத்து நிழல், கிணறு என்று கொடுத்து வைத்தவர்கள் மனோரஞ்சிதம் வைக்கலாம், அவர்களுக்குப் பொறாமையோடு வாழ்த்து. ஜாதிமல்லி, தண்ணீர் சோதித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்.

அத்தை வீட்டில் இரண்டு செடி போடுவதாக முடிவானது. கேட்டுக்கு மேலே ரங்கூன் மல்லி, மேற்கு வெயிலை அது வாங்கிக்கொள்ளும், முன் அறையும் கொஞ்சம் குளிரும். மாடியில் கிழக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, பாதியாக வெட்டிய டிரம்மில் முல்லை. ஏசி வெளி யூனிட் அங்கேதான் இருக்கிறது, சொட்டுத் தண்ணீர் குழாய் நேராக டிரம்முக்கு. அந்தத் தண்ணீரில் சத்து எதுவும் இருக்காது என்பதால் மாதம் ஒருமுறை மண்புழு உரம் இரண்டு கை போட வேண்டும். அது போதாத மே மாதப் பகலில் போர்த் தண்ணீரும் சேர்த்துத்தான் ஊற்றியாக வேண்டும். அப்படிச் சேரும் உப்பை, ஐப்பசி மழையில் டிரம்மின் அடித் துளையை அடைப்பில்லாமல் வைத்திருந்தால் மழையே கழுவிக்கொண்டு போய்விடும். டிரம் நேராகத் தளத்தில் உட்காராமல் நான்கு செங்கல் மேல் இருக்கட்டும், அடியில் ஈரம் தங்காது, தளத்துச் சூடும் வேருக்கு ஏறாது. வலைக்குப் பதில் சுவரில் இரண்டு கொக்கி அடித்து ஜிஐ கம்பி இழுத்தால் முல்லைக்குத் தாராளம்.

நடுவதற்கு ஆடி, ஆவணி நல்ல நேரம், கார்த்திகை வரை நடலாம். தை தாண்டிவிட்டால் அடுத்த ஆடி வரை பொறுப்பது மேல், வேர் பிடிக்காத செடியை அக்னி நட்சத்திரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. வாங்கும்போது கவரைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர் கவரைக் கிழித்துத் தரைக்குள் போயிருந்தால் அந்தச் செடி வேண்டாம், பிடுங்கும்போதே பாதி வேர் அறுந்திருக்கும். பூவோடு இருக்கும் பெரிய செடியைவிட, அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டு கிளம்பிய சின்னச் செடி சீக்கிரம் பந்தலைப் பிடிக்கும். கவரைக் கிழித்த அன்றே நட்டு, முதல் பத்து நாள் மேற்குப் பக்கம் ஒரு பழைய கோணியைத் தட்டியாகக் கட்டி வைத்தால் மறுபடி தளிர்க்கும்.